பாட்டும் வழக்கும் – 6: டிலன் பாடினார், சிறைக்கதவு திறந்ததா?

பாப் டிலனின் ‘ஹரிக்கேன்’ பாட்டுதான் ரூபின் கார்ட்டரைச் சிறையிலிருந்து மீட்டது என்று இன்றும் எழுதுகிறார்கள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு.

1966 ஜூன் 17, அதிகாலை இரண்டரை மணி. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேட்டர்சன் நகரில் ஒரு மதுக்கடைக்குள் துப்பாக்கியோடு நுழைந்த இரண்டு கறுப்பர்கள் கண்மூடித்தனமாகச் சுட்டார்கள். மூன்று உயிர்கள் போயின. ஊரறிந்த குத்துச்சண்டை வீரர் கார்ட்டரும், அவரோடு காரில் வந்த 19 வயது ஜான் ஆர்ட்டிஸும் சிக்கினார்கள். இவர்களைப் பார்த்ததாகச் சாட்சி சொன்ன பெல்லோவும் பிராட்லியும், அந்நேரத்தில் பக்கத்துத் தொழிற்சாலையில் திருட வந்தவர்கள்! வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களை நம்பியது. 1967இல் கார்ட்டருக்கும் ஆர்ட்டிஸுக்கும் ஆயுள் தண்டனை.

1974இல் இரு சாட்சிகளும் நியூயார்க் டைம்ஸ் நிருபரிடம் தாங்கள் சொன்னது பொய் என்றார்கள். அதே ஆண்டு கார்ட்டரின் சுயசரிதையும் வெளிவந்தது. அதைப் படித்த டிலன் சிறைக்கே போய் அவரைப் பார்த்தார். ஜாக் லெவியோடு சேர்ந்து பாட்டை எழுதினார். எட்டு நிமிடத்துக்கும் மேல் ஓடும் பாட்டு. அவதூறு வழக்கு வரும் என்று இசைத்தட்டு நிறுவனத்தின் வக்கீல்கள் பயந்ததால், சில வரிகளை மாற்றி மறுபடி பதிவு செய்தார்கள். 1975 டிசம்பர் 8, மேடிசன் ஸ்குவேர் கார்டனில் வழக்குச் செலவுக்காகக் கச்சேரி. மறுமாதம் ஹியூஸ்டனில் இன்னொன்று. அதோடு டிலன் அந்தப் பாட்டை மேடையில் பாடவில்லை.

1976 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பாட்டின் வெற்றி என்று கொண்டாடினார்கள். நீதிபதிகள் சொன்ன காரணமோ, பெல்லோவுக்குப் போலீஸ் கொடுத்த வாக்குறுதிகள் பதிவான ஒலிநாடாவை அரசுத் தரப்பு மறைத்தது. டிசம்பரிலேயே எல்லாம் தலைகீழானது. மறு விசாரணையில் பெல்லோ பழைய பொய்க்கே திரும்பினார்; இருவருக்கும் மீண்டும் ஆயுள். கச்சேரிக்கு வந்த பிரபலங்களில் பெரும்பாலோர் கலைந்துபோனார்கள்.

பாட்டிலும் பழுது உண்டு. உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததுபோல் அது கார்ட்டரைக் காட்டுகிறது. உண்மையில் 1964இலேயே பட்டப் போட்டியில் தோற்றவர் அவர். கைதாகும்போது இறங்குமுகத்தில் இருந்தார். கட்சிக்காரனைத் தூக்கிப் பாடும்போது எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு பிடி கொடுத்துவிடுகிறோம்.

பிரபலங்கள் கலைந்த பிறகு உழைத்தவர்கள் யார்? கார்ட்டரின் புத்தகத்தைப் பழைய புத்தக விற்பனையில் வாங்கிப் படித்த புரூக்ளின் இளைஞன் லெஸ்ரா மார்ட்டின், அவனைப் படிக்கவைத்த டொரான்டோ நண்பர்கள், ஊதியம் பாராத வக்கீல்கள். ஆண்டுக்கணக்கில் கோப்புகளைப் புரட்டி எழுதிய ஆட்கொணர்வு மனு, 1985 நவம்பரில் கூட்டாட்சி நீதிபதி சரோக்கின் முன் வென்றது. கொலைக்குக் காரணம் இனப்பழி என்று அரசுத் தரப்பு ஆதாரமில்லாமல் வாதாடியதும், பெல்லோவின் பொய் கண்டறியும் சோதனை அறிக்கையை மறைத்ததும் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றார் அவர்.

பாட்டு பணம் திரட்டியது, பெயரைப் பரப்பியது. அது சின்ன உதவியல்ல. ஆனால் விடுதலை மனுவால் வந்தது.

பாட்டின் நாயகன் கார்ட்டர் மட்டுமே. அதே சாட்சியத்தில் அதே தண்டனை பெற்ற ஆர்ட்டிஸ் 1981இல் பரோலில் வெளியே வந்தார். 1988 பிப்ரவரியில்தான் இருவர் மீதான குற்றச்சாட்டும் தள்ளுபடியானது.