கொடைக்கானலில் சமையலறையோடு ஒரு வில்லா: அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் ஒரு கணக்கு

பெரியவங்க, குழந்தைங்க எல்லாரும் சேர்ந்து பத்துப் பேர் மலைக்குப் போறோம்னா, ஹோட்டலில் நாலு ரூம் போடுறதைவிட சமையலறையோட ஒரு வீட்டை எடுத்துக்கிறது வசதி. பாட்டிக்கு வேண்டிய கஞ்சியும் குழந்தைக்கு வேண்டிய பாலும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்கும். ஆனால் ஹோட்டலில் நம்ம கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற தண்ணி, கேஸ், சுடுதண்ணி, பாதுகாப்பு எல்லாம் இங்கே நம்ம தலையில் வரும். அதனால் வில்லா தேடும்போது வியூவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இதில் மூணு நாள் குடித்தனம் பண்ண முடியுமா, ஏதாவது நின்னுபோனா யார் பதில் சொல்வாங்க?" என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொடைக்கானலை உதாரணமாக வைத்து இதை எழுதுகிறேன். ஊட்டிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

விலை

ஒரு உதாரணக் கணக்கு. வில்லா ஓர் இரவுக்கு 12,000 ரூபாய், இரண்டு இரவுக்கு 24,000. பத்துப் பேருக்குத் தலைக்கு 2,400தானேன்னு தோணும். செப்டம்பர் 2025-க்குப் பிறகு உள்ள விகிதப்படி, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முழு வீட்டையும் ஒரே யூனிட்டாக வாடகைக்கு விட்டால் 18 சதவீதம், அதாவது 4,320 ரூபாய் சேரும். வீடு எட்டுப் பேருக்குத்தான் என்று சொல்லி, கூடுதல் ஆளுக்கு இரவுக்கு 800 கேட்டால் இன்னும் 3,200. கிளீனிங் 1,500, ஹீட்டருக்கு 1,000 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 34,020. தலைக்கு 3,402 ரூபாய். முதலில் நினைத்ததைவிட ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அதிகம், மளிகை இன்னும் வாங்கவே இல்லை.

ஒரே வீட்டுக்கு ஆப்பில் ஒரு விலை, நேரில் போன் பண்ணினால் வேறு விலை வருவதற்கும் காரணம் இருக்கு. ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத சிறு உரிமையாளர், நேரடி புக்கிங்குக்கு வரி வாங்கமாட்டார். அதே வீடு ஆன்லைன் தளம் வழியாகப் போனால், அவருக்குப் பதிலாக அந்தத் தளமே வரியைக் கட்டவேண்டும் என்பது சட்டம். அதோட தளத்தின் கமிஷனும் சேரும். ஆக, நேரடி புக்கிங் மலிவாக இருப்பதாலேயே அது மோசடி என்று ஆகிவிடாது. ஆனால் அந்த வித்தியாசத்துக்கு நாம் எதை இழக்கிறோம் என்று தெரிந்திருக்கணும். ஏர்பிஎன்பி போன்ற தளம், நாம் செக்-இன் செய்யவேண்டிய நேரத்திலிருந்து சுமார் 24 மணி நேரம் கழித்துத்தான் உரிமையாளருக்குப் பணத்தை விடுவிக்கும். போய்ப் பார்த்தால் வீடே இல்லை என்றால் பணம் இன்னும் நடுவில் இருக்கும். யுபிஐ-யில் அனுப்பிய அட்வான்ஸுக்கு அப்படி நடுவில் யாரும் கிடையாது.

வீடு நிஜமா இருக்கா?

போலி விளம்பரக்காரர்கள் படத்தை வேறு எங்கிருந்தோ எடுத்துப் போடுவார்கள். அந்தப் படத்தையே கூகுளில் தேடிப் பாருங்க. வேறு பெயரில், வேறு ஊரில் அதே வீடு வந்தால் விட்டுடுங்க. கூகுள் மேப்பில் இருக்கும் போன் நம்பரையும் அப்படியே நம்பிவிட முடியாது. அதைத் திருத்தச் சொல்லி யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்க முடியும்.

வீடியோ கால் போடச் சொல்லி, வாசலிலிருந்து நடந்து சமையலறை வரை காட்டச் சொல்லுங்க. பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரும் நம்மிடம் பேசினவர் பெயரும் ஒத்துப்போகுதா பாருங்க. ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்களை மறைத்த மாஸ்க்டு ஆதாரை அனுப்பலாம். ஒருவேளை பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தக் கணக்கை முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

வீடு நிஜமாகவே இருந்தாலும் அனுமதி இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. கொடைக்கானலில் விதிமீறிக் கட்டிய கட்டடங்களுக்கு உயர்நீதிமன்ற உத்தரவின் பேரில் 2019-ல் நகராட்சி சீல் வைத்தது. அப்படி ஒரு கட்டடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருந்தால் நம்ம பயணமும் சேர்ந்து நின்றுவிடும். உரிமம் பற்றிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

"கிச்சன் உண்டு" என்றால் என்ன?

சில இடங்களில் அதற்கு அர்த்தம் ஒரு கெட்டிலும் நாலு கப்பும்தான். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் இருந்தால், கரண்ட் போனதும் சமையலும் போச்சு. கேஸ் சிலிண்டர் இருக்கா, பத்துப் பேருக்கு வைக்கிற அளவுக்குப் பாத்திரம் இருக்கா, குக்கர் இருக்கா என்று தனித்தனியாகக் கேட்கணும்.

குக்கர் ஏன் முக்கியம்? கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கு. அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி வந்த பிறகு எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. திறந்த பானையில் பருப்பும் கொண்டைக்கடலையும் வேக ரொம்ப நேரம் ஆவது இதனால்தான். குக்கரிலும் சமவெளியில் சுமார் 120 டிகிரி என்றால் மேலே 116 போலத்தான் வரும். வழக்கத்தைவிட ஒன்றிரண்டு விசில் கூட விடுங்க. குளிரில் மாவும் லேசில் புளிக்காது. இட்லி மாவைக் கீழேயே புளிக்க வைத்து எடுத்துப் போவது நல்லது.

சுடுதண்ணி

குளியலறையில் 15 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய்த் தண்ணி 15 டிகிரி, கீசரில் 60 டிகிரி. இரண்டையும் கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 27 லிட்டர் கிடைக்கும், அதாவது ஒரு வாளிக்குக் கொஞ்சம் மேல். மறுபடி சூடாக 2 கிலோவாட் கீசருக்கு சுமார் 25 நிமிஷம். பத்துப் பேரும் ஒரே குளியலறையில் குளித்தால் நாலு மணி நேரம்! ஆகவே கட்டில் எத்தனை என்பதோட கீசர் எத்தனை என்றும் கேளுங்க. சோலார் கீசர் மட்டும் என்றால், மேகம் மூடிய நாளில் அது கைகொடுக்காது. கோடையில் தண்ணி லாரியில் வருதா என்பதையும் கேட்டு வைக்கலாம்.

அடுப்புக்கரி விஷயம்

இதை மட்டும் விட்டுவிட முடியாது. கேம்ப்ஃபயர், பார்பிக்யூ முடிந்ததும் குளிருக்கு இதமா இருக்கட்டும்னு கரி அடுப்பை ரூமுக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்துகிறார்கள். தீ அணைந்தது போலத் தெரிந்தாலும் கரி கனன்றுகொண்டே கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் இருந்தாலும் இதே ஆபத்துதான். ஹீட்டர் என்றால் மின்சார ஹீட்டரா என்று உறுதி செய்துகொள்ளுங்க.

இடமும் இ-பாஸும்

"கொடைக்கானல்" என்று போட்டிருந்தாலும் வீடு பெருமாள்மலையிலோ பூம்பாறையிலோ மன்னவனூரிலோ இருக்கலாம். பெருமாள்மலை என்றால் நகரத்துக்கு 12 கிலோமீட்டர் போல முன்னாடியே வந்துவிடும். மற்ற இரண்டும் நகரத்தைத் தாண்டி இன்னும் உள்ளே. அமைதி கிடைக்கும், ஆனால் பால் பாக்கெட்டுக்கும் மருத்துவமனைக்கும் மலைப்பாதையில்தான் போகணும். கடைசி அரை கிலோமீட்டர் நம்ம கார் போகுமா, ஜீப்தானா, படி இறங்கணுமா? முட்டிவலி உள்ளவங்க கூட வந்தால் இதுதான் முதல் கேள்வி.

வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடை சீசனில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உயர்நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எனவே சீசனில் போவதாக இருந்தால் அப்போதைய விதியைப் பார்த்து, பாஸை உறுதி செய்துவிட்டு, அப்புறம் திரும்பக் கிடைக்காத அட்வான்ஸைக் கட்டுங்க.

வாட்சப்பில் கேட்க வேண்டியவை

போனில் பேசினாலும் பதிலை எழுத்தில் வாங்கி வைப்பது நல்லது:

1. வரி, கிளீனிங், கூடுதல் ஆள் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?
2. கேஸ், குக்கர், பாத்திரம், குடிதண்ணி இருக்கா?
3. கீசர் எத்தனை? கரண்ட் போனால் இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?
4. கார் வாசல் வரை வருமா? லொகேஷன் அனுப்ப முடியுமா?
5. ரத்து செய்தால் எத்தனை நாள் முன்பு வரை, எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
6. ராத்திரி பத்து மணிக்குத் தண்ணி நின்னுட்டா யாரைக் கூப்பிடணும்?

ஆறாவது கேள்விக்கு ஒரு பெயரும் நம்பரும் வந்தால், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அர்த்தம். "அதெல்லாம் பிரச்சனையே வராது சார்" என்று மட்டும் பதில் வந்தால், வியூ எவ்வளவு நல்லா இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்க.