கியரைக் கேட்காதீர்கள், முழங்காலைக் கேளுங்கள்!

"டாக்டர், நீங்களாவது இவரை சைக்கிளை விடச் சொல்லுங்க. ஐம்பத்து மூணு வயசில மலை ஏறப் போறாராம்!"

அந்த அம்மாள் நாற்காலியில் உட்காரும் முன்பே புகாரை ஆரம்பித்துவிட்டார். கணவர் வங்கி அதிகாரி. சென்னையிலிருந்து கோத்தகிரிக்கு சைக்கிளிலேயே போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஒத்திகையாக மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் ஏறிப் பார்த்திருக்கிறார். பாதி வழியில் முழங்கால் சில்லுக்குப் பின்னால் சுருக்கென்று வலி. வேனில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார்.

காலைப் பார்த்தேன். வீக்கம் இல்லை, மூட்டு பூட்டிக்கொள்ளவும் இல்லை. (இவை இருந்தால் சைக்கிளைத் தொடாமல் முதலில் மருத்துவரிடம் போங்கள்.) வாத வலிக்கு மேல்பூச்சாக ஒரு தைலம் கொடுத்தேன். கூடவே, "அடுத்த தடவை சைக்கிளையும் கொண்டு வாங்க" என்றேன். அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்!

கியர் சைக்கிளில் இரண்டு வகை உண்டு. பின்சக்கரத்தில் பற்சக்கரங்களை அடுக்கி, சங்கிலியை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது டீரெய்லர். கியர்கள் முழுவதும் பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்புக்குள் மறைந்திருப்பது உள் கியர். 1937 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் பெரிய வீரர்களுக்கு டீரெய்லர் அனுமதியே கிடையாது. மலை வந்தால் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள், பாவம்!

நம்ம வங்கி அதிகாரி வைத்திருந்தது எட்டு கியர் கொண்ட உள் ஹப். "பராமரிப்பே வேண்டாம் சார்" என்று கடையில் சொன்னார்களாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மழையும் சேறும் உள்ளே போகாது. சங்கிலிக்கு முழு உறை போட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றுக்கு அது பெரிய பாதுகாப்பு. எருமை குறுக்கே வந்து நின்றுவிட்டால், நின்ற நிலையிலேயே கியரைக் குறைக்கலாம். டீரெய்லரில் மிதித்துக்கொண்டேதான் மாற்ற முடியும்.

ஆனால் ஏற்றத்தில்? அவருடைய சைக்கிளில் மிகக் குறைந்த கியரில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரமும் ஒரு சுற்று, அதாவது சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னால் 24 பல், பின்னால் 34 பல் உள்ள டீரெய்லரில் அதே சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான். தூரம் குறைந்தால் முழங்காலுக்குப் பாரமும் குறையும். கூடாரம், துணிமணி, தண்ணீர் என்று மூட்டை ஏறிய பிறகு இந்த அரை மீட்டர்தான் வலியைத் தீர்மானிக்கிறது. கால் நிமிடத்துக்கு 70, 80 சுற்று லேசாகச் சுழல வேண்டும். நெல் குத்துவது போல அழுத்தி மிதித்தால் எந்தத் தைலமும் உதவாது.

பின் பற்சக்கரத்தைப் பெரிதாக்கி உள் ஹப்பை இன்னும் இலகுவாக்கலாமே என்பீர்கள். செய்யலாம். ஆனால் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குக் கீழே போனால் உள்ளேயுள்ள பற்கள் சேதமாகும். ஜெர்மனியின் ரோலாஃப் நிறுவனத்தின் 14 கியர் ஹப் மலைக்கும் தாங்கும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் போதும். விலையைக் கேட்டால்தான் நெஞ்சு வலி வரும்!

நடுவழியில் ரிப்பேர் ஆனால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள். டீரெய்லரில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். சைக்கிள் கீழே விழுந்தால் வளைவது அதைத் தாங்கும் ஹேங்கர்தான். உங்கள் சைக்கிளுக்கு ஏற்ற ஹேங்கர் ஒன்றும், சங்கிலி இணைப்புகள் இரண்டும் பையில் இருக்கட்டும். உள் ஹப் சுலபத்தில் கெடாது, கெட்டால் ஊர்ப்புற மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. பஞ்சர் ஒட்டுவதற்குக்கூட கேபிளைக் கழற்றத் தெரிய வேண்டும். வீட்டிலேயே நாலு தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று சமதளத்திலேயே சுற்றுபவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு உள் ஹப்பைச் சொல்வேன். நாற்பதைத் தாண்டி, மூட்டையோடு மலை ஏற நினைப்பவருக்கு டீரெய்லர்தான்.

வங்கி அதிகாரி டீரெய்லருக்கு மாறினார். சீட்டையும் ஒரு விரற்கடை உயர்த்தச் சொன்னேன். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டுமே மடங்க வேண்டும். மூன்று மாதம் கழித்து, இரண்டு இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறி, கோத்தகிரி போய்ச் சேர்ந்தார். பழைய உள் ஹப் சைக்கிளில் இப்போது அந்த அம்மாள்தான் காய்கறி வாங்கப் போகிறாராம்.