நுரையீரலில் பூஞ்சை

நாட்பட்ட ரொட்டியின் மீதும், மழைக்காலத்தில் மூலையில் கிடக்கும் தோற்செருப்பின் மீதும் படரும் பூஞ்சையை அறியாதார் இலர். ஆனால் அது காற்றில் தூவும் வித்துகள் கண்ணுக்குப் புலனாகா. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் வித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கூறு அளவினதே. மாந்தர் அனைவரும் நாள்தோறும் இவ்வித்துகளை மூச்சோடு உள்ளிழுக்கின்றனர். ஆயினும் நோயுறுவார் மிகச் சிலரே.

இதற்குக் காரணம் மூச்சுக்குழல்களின் அமைப்பாகும். அவற்றின் உட்புறத்தே நீர்த்த கோழை மெல்லிய படலமாகப் பரவியுள்ளது. மயிரிழை போன்ற நுண்ணிழைகள் ஓயாது அசைந்து, அக்கோழையையும் அதில் ஒட்டிய தூசியையும் வித்துகளையும் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன.

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் நோயுடன் பிறந்தார்க்கு இக்காவல் பயன்படுவதில்லை. நியூயார்க் நகரத்து மருத்துவர் டாரதி ஆண்டர்சன் அம்மையார் 1938-ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். இதற்குக் காரணமான மரபணு 1989-இல் கண்டறியப்பட்டது. பழுதுற்ற அம்மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைக்கே நோய் உண்டாகும். உயிரணுக்களின் வழியே உப்பும் நீரும் செல்லும் முறை கெடுதலால், கோழை பசைபோல் இறுகிவிடுகிறது. நுண்ணிழைகள் அதனை நகர்த்த மாட்டா.

இறுகிய கோழையில் பாக்டீரியாக்கள் எளிதில் குடிபுகுகின்றன. அவற்றை ஒழிக்கும் மருந்துகள் பெருகியமையால், முன்னாளில் குழவிப் பருவத்திலேயே மாண்ட நோயாளிகள் இந்நாளில் நடுவயதையும் எய்துகின்றனர். எனினும், அம்மருந்துகள் பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை. ஆஸ்பெர்ஜில்லஸ் மட்டுமன்றி, ஸ்கெடோஸ்போரியம், எக்ஸோபியாலா போன்ற, முன்பு பலரும் கருதாத இனங்களும் நோயாளிகளின் சளியில் இப்பொழுது காணப்படுகின்றன. எக்ஸோபியாலா என்பது ஒரு கரும்பூஞ்சை. பாத்திரம் கழுவும் எந்திரத்தின் ரப்பர் விளிம்பிலும் அது வெந்நீரைப் பொறுத்து வாழ்கின்றது என்பது வியப்பன்றோ!

சளியில் பூஞ்சை காணப்பட்டவுடன் மருந்து கொடுத்தல் தகுமோ? தகாது. திறந்து கிடந்த வீட்டினுள் நிற்பவன் வழிப்போக்கனோ கள்வனோ என ஆராய வேண்டுமன்றோ? சிலரிடம் பூஞ்சை யாதொரு தீங்குமின்றித் தங்கியிருக்கும். வேறு சிலரிடமோ, உடலே அப்பூஞ்சையை எதிர்த்து அளவுமீறிக் கிளர்ந்தெழும். அதனால் மூச்சுக்குழல்கள் வீங்கி இளைப்பு உண்டாகும். 1952-இல் இங்கிலாந்தில் விளக்கப்பட்ட இவ்வொவ்வாமையை ஸ்டீராய்டு மருந்தால் தணிப்பர். இன்னும் சிலர்க்குப் பூஞ்சையே நுரையீரலைக் கெடுக்கும். பாக்டீரியாவுக்கு மருந்து கொடுத்தும் மூச்சின் வலிமை குன்றி, சளியில் ஒரே பூஞ்சை மீண்டும் மீண்டும் தோன்றுமாயின், மருத்துவர் அதனை ஐயுறுவர்.

பூஞ்சையைக் கொல்வதும் எளிதன்று. பாக்டீரியாவின் அமைப்பு மனித உயிரணுவினின்றும் பெரிதும் வேறானது. பூஞ்சையின் உயிரணுவோ மனித உயிரணுவுக்கு உறவு போன்றது. ஆகவே பூஞ்சைக்கு நஞ்சாவது மனிதர்க்கும் நஞ்சாகக் கூடும். மனித உயிரணுவின் சவ்வில் கொலஸ்ட்ரால் உள்ளது. பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் உள்ளது. இச்சிறு வேற்றுமையே மருத்துவர்க்குப் பற்றுக்கோடு. வெனிசுலா நாட்டு மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950-களில் பெறப்பட்ட ஆம்போடெரிசின், எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைச் சிதைக்கும். ஆயின் சிறுநீரகத்தையும் வருத்தும். அசோல் என்னும் வகை மருந்துகள் எர்கோஸ்டெரால் உண்டாவதையே தடுக்கும்.

ஸ்கெடோஸ்போரியம் பெரும்பாலும் ஆம்போடெரிசினுக்கு அடங்குவதில்லை. அசோல் வகையைச் சேர்ந்த வோரிகோனசோலே அதற்கு முதலில் நாடப்படுவது. அதனை உண்பவரின் தோல் வெயிலில் எளிதில் கன்றிவிடும். கல்லீரலையும் அடிக்கடி சோதித்தல் வேண்டும். லொமென்டோஸ்போரா என்னும் அதன் உறவினமோ ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எதிர்த்து நிற்கும். நுரையீரல் முற்றும் பழுதுற்றவர்க்குப் பிறர் நுரையீரலைப் பொருத்துவது உண்டு. அப்பொழுது உடலின் எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கியாக வேண்டும். லொமென்டோஸ்போரா உள்ளிருப்பின், தடையின்றிக் குருதியில் பரவி உயிரைக் கவரக் கூடும். ஆதலின் அதனை உடையார்க்கு அவ்வறுவை செய்யச் சில மருத்துவமனைகள் தயங்குகின்றன.

வயல்களிலும் அசோல் தெளிக்கப்படுகிறது. நெதர்லாந்து நாட்டில், அம்மருந்தின் எச்சம் கலந்த பயிர்க்கழிவுக் குவியல்களில் அதற்கு அஞ்சாத ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்வதை ஆய்வாளர் கண்டனர். அசோல் மாத்திரை ஒன்றையேனும் உண்டிராத நோயாளியும், அடங்காத வித்துகளைக் காற்றிலிருந்து பெறக்கூடும் என்பது இதனால் விளங்கும்.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இசைவளித்த ஒரு கூட்டுமருந்து, மரபணுப் பழுதின் விளைவையே திருத்துகிறது. கோழை இளகுகிறது, இருமல் குறைகிறது. எல்லா நோயாளிகட்கும் அது பயன்படாது. அவரவர் மரபணுப் பழுதின் வகையைப் பொறுத்தே பயன் தரும். அன்றியும், வோரிகோனசோல் போன்றவற்றை உண்பவரின் கல்லீரல் அக்கூட்டுமருந்தை விரைவிற் சிதைக்க இயலாமையால், அஃது உடலில் மிகுந்து தங்கிவிடும். ஆகவே இரண்டையும் ஒருங்கே உண்ண நேரும்போது, நாள்தோறும் உண்ணும் அக்கூட்டுமாத்திரைகளை வாரத்தில் இருமுறை மட்டும் உண்ணுமாறு மருத்துவர் குறைத்துவிடுவர்.