வேலை கிடைக்காவிட்டால்?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் கல்விக் கடன் நாடி எங்கள் கிளைகளுக்கு வரும் குடும்பங்கள் பெருகும். வட்டி, தவணை ஆகியவற்றைப் பெற்றோரே விசாரிப்பர். பிள்ளைகள் பேசாமல் அமர்ந்திருப்பர். கையெழுத்திடும் வேளையில்தான் அவர்களுள் சிலர் தயங்கியபடி கேட்பர்: "படித்து முடித்தும் வேலை கிடைக்காவிட்டால் அப்பாவின் வீடு போய்விடுமா?"

இன்றைய இளைஞர்களுக்குப் பொறுப்பில்லை என்போர் இக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள். இதற்கு நேரான விடை கூறுவது எங்கள் கடமை.

இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, ரூ.7.5 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையம் தேவையில்லை. ஆயினும் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால் திருப்பிச் செலுத்தும் பொறுப்பு அவர்களுக்கும் உண்டு. இதை மறைத்தல் முறையன்று. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. அதன் பின்னர் 15 ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

ஆனால், வட்டி காத்திருப்பதில்லை. ஆண்டுத் தொடக்கந்தோறும் ரூ.1 லட்சம் வீதம் நான்காண்டுகள் கடன் பெறுவதாகக் கொள்வோம். 9 விழுக்காடு தனிவட்டியில், படிப்பு முடியும்போது வட்டி மட்டும் ரூ.90,000 சேர்ந்திருக்கும்; அடுத்த ஓராண்டில் மேலும் ரூ.36,000 கூடும். முதலாண்டில் மாதம் ரூ.750 எனத் தொடங்கி, இயன்றவரை வட்டியை அவ்வப்போது செலுத்தி வந்தால் இச்சுமை ஏறாது. படிப்புக் காலத்தில் வட்டியை ஒழுங்காகச் செலுத்துவோருக்கு 1 விழுக்காடு வட்டிச் சலுகை வழங்கவும் அத்திட்டம் இடமளிக்கிறது.

வேலை கிடைக்கத் தாமதமானால்? வெட்கத்தாலும் அச்சத்தாலும் கிளைப் பக்கம் வராதிருப்பதே பெருந்தவறு. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடனாகும். கடன் தகவல் நிறுவனங்களின் பதிவிலும் ஏறும். நாளை நீங்கள் கேட்கும் வீட்டுக் கடனுக்கும் அது தடையாக நிற்கும். அதற்கு முன்பே வந்து நிலைமையைக் கூறினால், வேலையில்லாக் காலத்துக்குத் தவணையை ஒத்திவைப்பது குறித்து வங்கி பரிசீலிக்க இயலும். அத்தகைய ஒத்திவைப்புக்கும் மாதிரித் திட்டத்தில் வழியுண்டு.

எதிர்காலத்தை எண்ணி அஞ்சுவது குற்றமன்று. அவ்வச்சம் கணக்குப் போட வைத்தால் நன்மையே. இளைஞர்களே, கையெழுத்திடுமுன் கேட்ட அதே கேள்வியைத் தவணை தவறுமுன்பும் வந்து கேளுங்கள். விடை கூற நாங்கள் இருக்கிறோம்.