கணிப்பொறிக்குத் தெரியாத கொடுமை

காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி ஓடும்போது அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா? தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகள் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். துளை இருந்தால் அதற்குரிய பாவு நூல்கள் மேலே எழும், இல்லையேல் எழா. ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே கட்டளைகளால் முந்தானையில் மயில் உருவாகிவிடுகிறது. ஆனால் அது மயில் என்று அட்டைக்குத் தெரியாது.

கணிப்பொறியும் இப்படித்தான். அதற்குத் தெரிந்தவை 1, 0 என்ற இரண்டே இலக்கங்கள்.

இதை மனத்தில் கொண்டு, இன்றைய இளைஞர்கள் விரும்பும் ஒருவகைக் கணிப்பொறி விளையாட்டைப் பார்ப்போம். இதில் ஆடுபவர் கதையில் ஒரு பாத்திரமாகிறார். யாருடன் சேர்வது என்பதை அவரே முடிவு செய்கிறார். 2010-இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ ஓர் எடுத்துக்காட்டு. அதில் ‘சீசரின் படை’ என்ற அணி மனிதர்களை அடிமைகளாக வைத்திருக்கிறது. விரும்பினால் அதன் பக்கமும் சேரலாம்.

சேர்ந்தால் கணிப்பொறி என்ன செய்கிறது? கணக்கு எழுதுகிறது. ஒவ்வோர் அணியிடமும் உங்கள் நற்பெயருக்கு ஓர் எண், கெட்ட பெயருக்கு ஓர் எண். அடிமையின் துன்பம் அதற்கு எண் மட்டுமே.

“வெறும் பொம்மைதானே, இதில் பாவம் எங்கே வந்தது?” என்று நீங்கள் கேட்கலாம். நம் உடல் அப்படி நினைப்பதில்லை!

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் ஒரு சோதனையைத் தொடங்கினார். தவறான விடை சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி கட்டளை. உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அது சோதனைக்கு வந்தவர்களுக்குத் தெரியாது. ஆயினும் 40 பேரில் 26 பேர் 450 வோல்ட்டு வரை சென்றனர்.

2006-இல் மெல் ஸ்லேட்டர் குழுவினர் லண்டனில் இதையே கணிப்பொறி வரைந்த பெண்ணுருவத்தைக் கொண்டு செய்தனர். அவள் பொய்யுரு என்பது கலந்துகொண்ட 34 பேருக்கும் தெரியும். 23 பேர் அவளைக் கண்டும் கேட்டும் சோதனையைச் செய்தனர்; 11 பேருக்கு எழுத்து வழியே மட்டும் விடைகள் வந்தன.

பதற்றத்தில் உள்ளங்கை வியர்க்கும். வியர்வையிலுள்ள உப்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே தோலின் மின்கடத்து திறனை அளந்தால் பதற்றத்தை அறியலாம். அவளைக் கண்டவர்களிடமே பதற்றம் மிகுந்திருந்தது. அந்த 23 பேரில் 6 பேர் முடிவுக்கு முன்பே நிறுத்திவிட்டனர்.

ஆடுபுலி ஆட்டத்தில் புலிப் பக்கம் ஆடுபவர் வருந்துவதில்லை; வெட்டுப்படும் ஆட்டுக்கு முகம் இல்லை, அது ஒரு கல். முகமும் குரலும் வந்துவிட்டால் மனம் தயங்குகிறது.

இது விளையாட்டோடு முடிகிற செய்தியா? பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகச் சிறுவர்கள் தறியில் கட்டுண்டு உழைத்த கொடுமை இந்தக் காஞ்சியிலும் நடந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்த பின்னரும் அது நீடித்தது. கடன் ஏட்டில் அந்தச் சிறுவன் ஓர் எண்தான். ஏட்டுக்கு அவன் முகம் தெரியாது; எழுதிய கைக்குத் தெரியாதா?

அடுத்த முறை விளையாட்டில் கொடியவர் பக்கம் சேரும்போது உங்கள் உள்ளங்கையைத் தொட்டுப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். கணிப்பொறிக்கு இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.