தனியாகப் படித்துத் தோற்றவர்கள்

பல்கலைக்கழகத் துறை ஒன்றில் ஒரு சமூகத்து மாணவர்கள் மட்டும் தொடர்ந்து பின்தங்கினால், காரணம் சொல்ல யாரும் தயங்குவதில்லை: ஊக்கம் போதாது, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் முதலாண்டு நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டே இருந்தபோது ஆசிரியர்கள் சொன்னதும் இதைத்தான். அங்கே ஆய்வு மாணவராக இருந்த யூரி டிரைஸ்மன் இந்த விளக்கங்களைச் சோதித்துப் பார்த்தார். கறுப்பின மாணவர்கள் 20 பேரும் சீன வம்சாவளியினர் 20 பேரும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தார். ஊக்கக் குறைவு, குடும்பத்தின் அக்கறையின்மை எல்லாம் பொய்த்துப்போயின. கறுப்பின மாணவர்கள் 20 பேரில் 18 பேர் தனியாகப் படித்தார்கள். சீன வம்சாவளியினரில் பெரும்பாலோர் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கில் எல்லோருமே சிக்கிக்கொண்டால், கணக்குதான் கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக அமர்ந்தவருக்கோ அதே தடங்கல் தன்னுடைய தகுதிக் குறைவாகத் தெரிந்தது. சக மாணவரின் துணை எதைச் சரிசெய்கிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது.

ஆகவே டிரைஸ்மன் ஆறுதல் மன்றம் எதையும் தொடங்கவில்லை. கணிதப் பட்டறையைத் தொடங்கினார். பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பு என்ற முத்திரையும் அதற்கு இல்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுக்களாகப் போடச் சொன்னார். தேர்ச்சி நன்றாகவே உயர்ந்தது. வரவேற்பு விருந்தும் பன்மைத்துவச் சுவரொட்டியும் தராத ‘இது நம் இடம்’ என்ற உணர்வை, சேர்ந்து போட்ட கணக்கு தந்தது. ஆனால் மதிப்பெண் மட்டுமே முழுக் கதை அல்ல. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் 150 பொறியியல் மாணவிகளிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், மூத்த மாணவி ஒருவரின் துணை பெற்ற யாரும் முதலாண்டில் துறையை விட்டுப் போகவில்லை. துணையே இல்லாதவர்களில் 11 சதவீதம் பேர் விலகினார்கள். நல்ல மதிப்பெண்ணுக்கும் துறையில் நீடிப்பதற்கும் முதலாண்டில் தொடர்பு தென்படவில்லை. இது தனக்கும் உரிய இடம் என்ற நம்பிக்கைதான் அவர்களை நிறுத்தி வைத்தது.

இப்படித் தனிக் குழு சேர்ப்பதே பிரிவினை ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். பட்டறைக்குப் போனவர்களும் எல்லோருடனும் சேர்ந்து அதே விரிவுரையைக் கேட்டு, அதே தேர்வைத்தான் எழுதினார்கள். எனவே அந்தக் கேள்வி பெரிதாகத் தோன்றவில்லை. வலுவான ஆட்சேபம் வேறொன்று. ஒரு துறையில் இருப்பதே மூன்று நான்கு மாணவிகள் என்றால், புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் தாங்கும் வேலை அவர்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே சிரமப்படுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் சம்பளமில்லாமல் உழைக்கச் சொல்வதுபோல்தான் அது. ஆசிரியர்களும் தங்கள் பொறுப்பைத் தன்னார்வலர்களிடம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இந்த ஆபத்து உண்மையானது. அதனால், துணை நிற்கும் மாணவரின் நேரத்தைத் துறை கணக்கில் எடுத்துக்கொண்டு ஊதியமோ பாட மதிப்போ தர வேண்டும். பாகுபாடு பற்றிய புகார் வந்தால் அதை விசாரிப்பது நிர்வாகத்தின் வேலை; இருபது வயது மாணவரின் வேலை அல்ல. நல்ல மனதை மட்டும் நம்பி நடக்கும் ஏற்பாடு, அந்த மாணவர் பட்டம் வாங்கிப் போன அன்றே நின்றுவிடும். மாறாக, டிரைஸ்மனின் முறையை 1988-இல் ஏற்றுக்கொண்ட ஆஸ்டின் நகரின் டெக்சாஸ் பல்கலைக்கழகம், அதைத் தன் கணிதத் துறையின் திட்டமாகவே நடத்தியது.