தோட்டக் குழாய்க்கும் ஒரு பரிசோதனை

குளிர்நாடுகளில் வசந்தம் பிறந்ததும் வீட்டுத் தோட்டத்தின் நீர்க்குழாய்களைச் சோதிப்பார்கள். நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனஅளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். குளிர்காலத்தில் குழாய்க்குள் தங்கிய நீர் உறைந்து குழாயையே பிளந்துவிடும். பினாங்கில் வசந்தமும் இல்லை, பனியும் இல்லை. ஆனாலும் நம் குழாய்களுக்கும் ஒரு சோதனைக் காலம் உண்டு.

இங்கே செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி. தோட்டக் குழாய்க்கு வேலை குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறையும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுபவர்களுக்கு அந்த வெயில் நன்றாகத் தெரியும். நம் குடிநீரின் பெரும்பகுதி சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. ஆயர் ஈத்தாம், தெலுக் பாஹாங் அணைகளின் நீர் வறட்சிக்குக் கைகொடுக்கும் சேமிப்பு. அதை வீணாக்காமல் இருக்க, வறட்சி தொடங்கும் முன்பே குழாய்களைச் சோதிப்பது நல்லது.

கசிவு இருக்கிறதா?

வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். நீர்மானியின் எண்ணைக் குறித்துவைத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். எண் மாறியிருந்தால் எங்கோ கசிகிறது. ஏறக்குறைய 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர். விநாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் ஒரு நாளில் 86,400 சொட்டுகள். அதாவது, 4 லிட்டருக்கும் மேல்!

அடைப்பா, அழுத்தக் குறைவா?

சொட்டுநீர்க் குழாய் இருந்தால், முதலில் அதன் கடைசி மூடியைத் திறந்து நீரை வேகமாக ஓடவிடுங்கள். படிந்த மண் வெளியேறும். வடிகட்டியையும் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் ஒரு குவளை வையுங்கள். மணிக்கு 2 லிட்டர் தரும் சொட்டுவான் 3 நிமிடத்தில் 100 மில்லிலிட்டர் தர வேண்டும்.

நடுவில் ஒன்றில் மட்டும் நீர் குறைந்தால், அது அடைப்பு. முதலிலிருந்து கடைசிவரை படிப்படியாகக் குறைந்தால், அழுத்தம் குறைகிறது என்று பொருள். நீண்ட குழாயில் உராய்வு அழுத்தத்தைக் குறைக்கும். குழாய் மேட்டில் ஏறினாலும் அழுத்தம் குறையும். ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் இழப்பு.

சொட்டுநீர்க் குழாய்கள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பது ஏன்? ஒளி உள்ளே புகாவிட்டால் ஒளிச்சேர்க்கை நடக்காது, பாசி வளராது. ஒளி புகும் குழாயை வெயிலில் போட்டால் உட்புறம் பச்சையாவதற்கும் இதுவே காரணம்.

கொசுவை மறக்காதீர்கள்

குழாய் கசியும் இடத்திலும் பூச்சட்டித் தட்டிலும் நீர் தேங்கும். டிங்கி காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அவ்வளவு நீரே போதும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 7 முதல் 10 நாள்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை துப்புரவு செய்யச் சொல்கிறார்கள். நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. நீர்மட்டத்தை ஒட்டிய சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான இரண்டு தட்டுகளில் 100 மில்லிலிட்டர் நீர் ஊற்றுங்கள். ஒன்றைக் காலை 7 மணிக்கும் மற்றொன்றை நண்பகல் 12 மணிக்கும் வெயிலில் இரண்டு மணி நேரம் வைத்து, மீதமுள்ள நீரை அளந்து பாருங்கள். செடிக்கு எப்போது நீர் ஊற்றலாம் என்று அந்த அளவே சொல்லும். அளந்ததும் தட்டுகளைக் கவிழ்த்துவைக்க மறக்காதீர்கள்!